சிவப்புக் கோடு போட்ட பாட்டில்

போன வாரம் அக்கா பீரோவின் மேல்தட்டிலிருந்து அந்த நீல பாட்டிலை எடுத்து என் மடியில் வைத்தாள். ஒரு லிட்டர் பிடிக்கிற சாதாரண பிளாஸ்டிக் பாட்டில்தான். மூடி வெளுத்துவிட்டது. ஆனால் அதன் மேல் நெயில் பாலிஷால் போட்ட நான்கு சிவப்புக் கோடுகள் ஆறு வருஷம் கழித்தும் அப்படியே இருந்தன. "பாப்பா ஓடப் போறாளாம்டி. அவ அப்பா ஓடாம விட்ட நாப்பத்திரண்டு கிலோமீட்டரை இவ ஓடி முடிக்கணுமாம். அவருக்கு நீதானே தண்ணி எடுத்துகினு போனே, இவளுக்கும் நீயே போ" என்றாள். சரி என்று தலையாட்டிவிட்டேன். பாட்டிலைக் கையால் தொட மட்டும் மனம் வரவில்லை. குடிக்காத காபி ஆறிப்போகும் வரை அது என் மடியிலேயே கிடந்தது.

பாப்பா என்பது அக்காவின் ஒரே மகள். இருபத்து மூன்று வயதாகி அம்பத்தூரில் ஒரு கணினி நிறுவனத்தில் வேலைக்குப் போகிறாள், எங்களுக்கு இன்னும் பாப்பாதான். அவள் அப்பாவை நான் மாமா என்று கூப்பிடுவேன். ஆவடியில் ஒரு தொழிற்சாலையில், செய்து வரும் பாகங்களை அளந்து பார்த்து ஆகும், ஆகாது என்று சொல்கிற பிரிவில் மாமாவுக்கு வேலை. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் கூடவே வந்துவிடும். தோசை வட்டமாக இல்லையென்றால் "இது ரிஜெக்ட்" என்று அக்காவிடம் தட்டை நீட்டுவார். அடுத்த தோசை தட்டில் விழாது, அவர் மேல்தான் விழும் என்று அக்கா கரண்டியைக் காட்டுவாள். முகப்பேரில் என் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவே இரண்டே பிளாக். அந்தச் சிரிப்புச் சத்தத்துக்காகவே நான் பாதி நாள் அங்கேதான் சாப்பிட்டேன்.

நாற்பத்தைந்து வயதில் மாமாவுக்கு ரத்த அழுத்தம் வந்தது. டாக்டர் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்தார். உடம்பிலிருக்கும் நீரை அதிகமாகப் பிரித்து வெளியேற்றி அழுத்தத்தைக் குறைக்கிற வகை அது. உப்பைக் குறைக்கச் சொன்னார், நடக்கவும் சொன்னார். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் எதையும் அளவோடு செய்து பழக்கமில்லை. குறைக்கச் சொன்ன உப்பை அக்கா அறவே நிறுத்தினாள். ஊறுகாய் ஜாடி பக்கத்து வீட்டுக்குப் போனது, அப்பளம் பரண் ஏறியது. நடக்கச் சொன்ன மாமா ஓட ஆரம்பித்தார். ஒரே வருஷத்தில் இருபத்தோரு கிலோமீட்டர் ஓடி ஒரு பதக்கம் வாங்கி வந்தார். அதை ஃபிரிட்ஜ் கைப்பிடியில் மாட்டி வைத்தார். யார் தண்ணீர் எடுக்கப் போனாலும் பதக்கம் கண்ணில் படாமல் தப்ப முடியாது.

அந்த வருஷம் சித்திரையில் பூந்தமல்லி சாலையில் அவர் சுருண்டு விழுந்தார். ஒரு வாய் காபியோடு கிளம்பி, வெயில் ஏறிய பிறகும் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறார். யாரோ ஆட்டோவில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். உடம்பில் நீரே இல்லை என்றார்கள். இரண்டு பாட்டில் ஏற்றியதும் எழுந்து உட்கார்ந்து ஜோக் அடித்தார். ஆனால் அக்கா அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் பின்னாத தலையோடு, ஒரு காலில் செருப்பும் இல்லாமல் நின்ற கோலத்தை நான் மறக்கவே இல்லை. அவளை அப்படிப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது. மறுநாளே அந்த நீல பாட்டிலை வாங்கினாள். நெயில் பாலிஷை எடுத்து, சம இடைவெளியில் கீழிருந்து நான்கு கோடு போட்டாள். "ரெண்டு கிலோமீட்டருக்கு ஒரு கோடு. வேணாம்னு சொன்னா கேக்காதே. அவரு குடிக்காம ஓடினா நான் செத்துடுவேன்னு சொல்லு. என் தலை மேல கை வெச்சு சத்தியம் பண்ணுடி" என்றாள். நானும் வைத்தேன்.

அடுத்த கோடையில் முழு மாரத்தானுக்குப் பயிற்சி தொடங்கியது. நான் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு வேதியியல் பாடம் எடுக்கிறவள். மே மாதம் விடுமுறை, கையில் ஸ்கூட்டி, சத்தியம் வேறு. இதைவிட நல்ல ஆள் கிடைக்குமா? ஞாயிறுதோறும் விடியும் முன்பே கிளம்புவோம். கொரட்டூர் ஏரிக்கரையில் ஆரம்பித்து, அம்பத்தூர் தொழிற்பேட்டையைக் கடந்து, ரயில் பாதையை ஒட்டி ஆவடி போய், அங்கே ஏரியை ஒரு சுற்றுச் சுற்றித் திரும்புவார். நான் பத்தடி பின்னால் வண்டியை உருட்டிக்கொண்டு போவேன். கூடையில் அந்த பாட்டில், காலடியில் ஐந்து லிட்டர் கேன். "இன்னா தண்ணி லாரி, ரெடியா?" என்பார் மாமா. மீட்டரில் இரண்டு கிலோமீட்டர் ஏறியதும் ஹாரன் அடிப்பேன். நின்று, கோட்டைக் கட்டைவிரலால் பிடித்துக்கொண்டு, அதுவரை சரியாகக் குடித்துத் திருப்பித் தருவார். அளவில் மனுஷன் ஒரு சொட்டு ஏமாற்ற மாட்டார்.

ஏரிக்கரையில் மாங்காய் விற்கும் ஒரு அம்மா இருந்தாள். கீறிய மாங்காய்க்குள் உப்பும் மிளகாய்த்தூளும் திணித்துத் தட்டில் அடுக்கியிருப்பாள். அந்த மே மாதம் முழுக்க, திரும்பி வரும்போதெல்லாம் மாமா அந்தத் தட்டின் முன் நின்றுவிடுவார். பசி மாதிரி இருக்காது, கண்ணை எடுக்கவே முடியாது அவரால். ஒருநாள் கையை நீட்டிவிட்டார். உப்பு ஆகாது என்று நான் தட்டைத் தள்ளி வைத்தேன். "ஒரு துண்டு துன்னட்டும் உடேம்மா. இந்த வெயில்ல ஓடிகினு வர்றாரு, மூஞ்சியப் பாரு எப்புடி கீதுன்னு" என்றாள் அந்த அம்மா. நான் அவளை முறைத்துவிட்டு மாமாவின் கையில் பாட்டிலைக் கொடுத்தேன். அவர் ஒரு கோடு குடித்தார்.

கிளம்பும் முன் ஒரு தடவை, வந்ததும் ஒரு தடவை எடை பார்ப்பது மாமாவின் வழக்கம். காலண்டரில் அந்த ஞாயிற்றுக்கிழமைத் தாளிலேயே இரண்டையும் பென்சிலால் எழுதி, தாளைக் கிழித்துப் பதக்கத்துக்குப் பக்கத்தில் ஒட்டுவார். ஆரம்பத்தில் வந்ததும் ஒரு கிலோ குறைந்திருக்கும். அக்காவுக்கு அது பிடிக்காது, மறுவாரம் கேனை நிரப்பி அனுப்புவாள். மூன்றாவது வாரம் இரண்டு எடையும் ஒன்றாக வந்தன. நான்காவது வாரம், மூன்றரை மணி நேரம் ஓடிவிட்டு வந்து ஏறி நின்ற மாமா, கிளம்பினபோது இருந்ததைவிட முக்கால் கிலோ கூடியிருந்தார். நாங்கள் கைதட்டினோம். ஒரு சொட்டுகூட வீணாகவில்லை என்று அக்கா எனக்கு ஸ்பெஷலாகக் கேசரி செய்தாள். வியர்வையில் சட்டையைப் பிழிகிற ஒரு மனுஷன் எடை கூடி வந்து நிற்கிறார் என்றால் அந்தத் தண்ணீர் எங்கே தங்குகிறது என்று அளந்து பிழைக்கிற அவருக்கும் தோன்றவில்லை. கரைசலில் நீரைக் கூட்டினால் உப்பின் செறிவு குறையும் என்று வருஷா வருஷம் பலகையில் எழுதிப் போடும் எனக்கும் தோன்றவில்லை. அன்று மாலை அவர் கல்யாண மோதிரத்தைக் கழற்றப் பார்த்தார், வரவில்லை. சோப்புப் போட்டுப் பார்த்தும் வரவில்லை. "ஒடம்பு பூசினாப்ல இருக்கு, நல்லதுதான்" என்றாள் அக்கா.

அதற்கு அடுத்த ஞாயிறு முப்பது கிலோமீட்டர். விடிகாலையிலேயே காற்று அனலாக இருந்தது. ஏரியில் தண்ணீர் வெகுதூரம் உள்வாங்கி, கரையோரம் வெடித்த சேறு மட்டும் தெரிந்தது. காக்கைகள் அலகைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தன. வெயில் அதிகம் என்று அக்கா வாசலிலேயே ஒரு பாட்டில் முழுக்கக் குடிக்க வைத்துத்தான் அனுப்பினாள். போகும்போது சரியாகத்தான் ஓடினார். ஆவடி ஏரியைச் சுற்றி முடித்தபோது வயிறு கும்மென்று இருக்கிறது, இந்தக் கோடு வேண்டாம் என்றார். நான் அக்காவின் பெயரைச் சொன்னேன். குடித்தார். அடுத்த கோட்டுக்குத் தலை வலிக்கிறது என்றார். தலைவலி நீர் பற்றாத அடையாளம்தானே, குடிங்கள் என்றேன். தொழிற்பேட்டை அருகே வரும்போது நேராக ஓடாமல் சாலையின் ஓரத்துக்கும் நடுவுக்குமாகப் போய்வந்தார். "என்ன மாமா?" என்று கத்தினேன். திரும்பிப் பார்த்து, "ரெடியா?" என்று மட்டும் சொன்னார். எதற்கு ரெடி என்று எனக்கு விளங்கவில்லை. ஹாரன் அடித்தேன், நின்றார், குடித்தார்.

ஏரிக்கரைக்கு வந்து உட்கார்ந்தவர் வாந்தி எடுத்தார். வெறும் தண்ணீர். போனதைத் திரும்பக் கொடுக்க வேண்டும் என்று கேனில் மிச்சமிருந்ததைப் பாட்டிலில் ஊற்றி, தலையைத் தாங்கிப் பிடித்து, இன்னும் ஆறு கோடு புகட்டினேன். மாங்காய் விற்கும் அம்மா எழுந்து வந்து பார்த்துவிட்டு, "போதும்மா, நிறுத்து" என்றாள். நான் நிறுத்தவில்லை. சற்று நேரத்தில் மாமா என்னைப் பார்த்து நீ யாரும்மா என்று கேட்டார். பிறகு அவர் கைகால்கள் வெட்டி வெட்டி இழுக்க ஆரம்பித்தன.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் மோதிரத்தைக் கழற்ற முடியாமல் வெட்டி எடுத்தாள். அக்கா உள்ளே அவர் காலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். வராந்தாவில் டாக்டர் என்னிடம், எவ்வளவு தண்ணீர் குடித்தார் என்று கேட்டார். எனக்கு அந்த நேரத்திலும் ஒரு பெருமை. கோடுகளை எண்ணி, ஆறு லிட்டருக்கு மேல் என்றேன். டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். ரத்தத்தில் உப்பு மிக மோசமாக இறங்கிவிட்டது, மூளை வீங்கியிருக்கிறது என்றார். அந்த மாத்திரை, உப்பில்லாத சாப்பாடு, அதற்கு மேல் இத்தனை வெறும் தண்ணீர். தாகத்துக்குக் குடித்திருந்தால் போதும், வேண்டாம் என்றபோது விட்டிருக்கலாம் என்று மெதுவாகத்தான் சொன்னார். மூன்றாம் நாள் மாமா போய்விட்டார். சுடுகாட்டிலிருந்து எல்லோரும் திரும்பிய பிறகு அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "தண்ணி பத்தாமப் போச்சாடி?" என்று கேட்டாள். அவள் போட்ட கோடு, நான் செய்த சத்தியம். "வெயில்க்கா" என்றேன். அவளைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்தேன். என்னையும் சேர்த்துக் காப்பாற்றிக்கொண்டேன் என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறேன்.

அந்த ஒரு சொல்லோடு ஆறு வருஷம் ஓடிவிட்டது. வருஷா வருஷம் மாமாவின் நினைவு நாளில் அக்கா ஏரிக்கரையில் தண்ணீர்ப் பந்தல் போடுகிறாள். ஓடுகிறவர்களை வழிமறித்து, "குடிப்பா, இன்னும் ஒரு தம்ளர் குடி" என்று கெஞ்சுகிறாள். நான் பக்கத்திலேயே நின்று, உப்புப் போட்ட மோரைக் கலக்கிக்கொண்டிருப்பேன். உனக்கு ஏன் இந்த மோர்ப் பைத்தியம் என்று கேட்பாள். மோர் குளிர்ச்சி என்பேன். அப்படியே காலம் தள்ளிவிடலாம் என்று நினைத்தேன், பாட்டில் பீரோவிலிருந்து இறங்கும் வரை.

நேற்று விடிகாலை அவர்கள் வீட்டுக்குப் போனேன். பாப்பா கூடத்தில் உட்கார்ந்து ஷூ மாட்டிக்கொண்டிருந்தாள். அக்கா சமையலறைக் குழாயில் பாட்டிலை நிரப்பிக்கொண்டிருந்தாள். நான்கு கோட்டுக்கும் மேலே, மூடிக்குப் பக்கத்தில், ஈரம் காயாத ஐந்தாவது கோடு ஒன்று இருந்தது. "இந்த வருஷ வெயில் ரொம்ப மோசம்டி. கழுத்து வரைக்கும் ரொப்பி, மேல ஒண்ணு சேத்துட்டேன்" என்றாள். "இவளும் அவரு மாதிரிதான், வேணாம்னுவா. விடாதே."

"அக்கா, மாமாவுக்குத் தண்ணி பத்தாமப் போகல."

"பின்ன?"

"அதிகமாப் போச்சு."

அவள் சிரித்தாள், நான் ஏதோ உளறுகிறேன் என்று. பிறகு என் முகத்தைப் பார்த்தாள். டாக்டர் கேட்டதையும் நான் சொன்ன பதிலையும், எடை கூடியதையும், மோதிரத்தையும், மாங்காயையும் ஒன்று விடாமல் சொன்னேன். பாட்டில் நிரம்பி அவள் கை வழியாகத் தண்ணீர் வழிந்துகொண்டே இருந்தது. ரொம்ப நேரம் கழித்துக் குழாயை மூடினாள்.

"அன்னிக்கு எத்தினி கோடு குடிச்சாரு?"

"வாசல்ல நீ குடுத்ததையும் சேத்து இருபத்தஞ்சு."

"நான் போட்ட கோடு" என்றாள்.

"நான்தான்க்கா குடிக்க வெச்சேன்."

அவள் பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்துத் தண்ணீரைக் கொட்டினாள். அப்படியே சமையலறைத் தரையில் உட்கார்ந்து, கட்டைவிரல் நகத்தால் கோடுகளைச் சுரண்ட ஆரம்பித்தாள். புதுக் கோடு ஈரமாக இருந்ததால் விரலோடு வந்துவிட்டது. பழையவை அசையவில்லை. பாப்பா ஷூவைக் கழற்றிவிட்டு வந்து எங்களுக்கு நடுவில் உட்கார்ந்து, "விடும்மா, விடு" என்றாள். அக்கா விடவில்லை. இரண்டாவது கோட்டில் அவள் நகம் உடைந்தது.