கையைத் தூக்கும் யூடோக்சியா

செயின்ட் லூசியாத் தீவில், சூஃப்ரியேர் கோர்ட்டில், உள்ளூர் மொழியான கிரியோல் மட்டுமே பேசுகிறவர்களுக்கு மொழிபெயர்த்துச் சொல்வது யூடோக்சியா மத்தூரினின் வேலை. அதற்கு முன்பு துறைமுகத்தில் கூவிக் கூவி மீன் விற்றவள். குரல் கடைசி பெஞ்சு வரை போகும். வக்கீல்கள் இங்கிலீஷோடு நிறுத்தினால் பரவாயில்லை, பேச்சுக்குப் பேச்சு லத்தீனையும் எடுத்துவிடுவார்கள். அர்த்தம் தெரியாத சொல் வந்தால் யூடோக்சியா கையைத் தூக்கிவிடுவாள். "ஐயா, இது எனக்குத் தெரியாது. என்னன்னு சொல்லுங்க." கோர்ட்டே சிரிக்கும். சிரிக்கட்டுமே! தெரியாததைத் தெரியாது என்று நாலு பேர் முன்னால் சொல்ல எத்தனை பேருக்குத் துணிச்சல் உண்டு?

ஒருநாள் கூண்டில் நின்றவன் மீனவன் ஆன்செல்ம். அதே ஊர்க்காரன் இப்போலித்தின் படகைக் கேட்காமல் எடுத்துப்போய்ப் பாறையில் மோதி உடைத்துவிட்டான். திருட்டு வழக்கு. தப்பினால் வீடு, இல்லாவிட்டால் ஜெயில்.

"குற்றத்தை ஒத்துக்கறியா?" என்று ஜட்ஜ் கேட்டதை யூடோக்சியா கிரியோலில் சொன்னாள்.

"நாந்தான் எடுத்தேன். எடுத்துட்டு இல்லேன்னு சொல்ல நான் என்ன பொய்யனா?"

யூடோக்சியா அதை இங்கிலீஷில் சொன்னாள். வழக்கு முடிந்தது என்று போலீஸ் சார்ஜென்ட் ஃபைலை மூடினார். ஜட்ஜ் மட்டும், "மென்ஸ் ரேயா இருந்ததா, சார்ஜென்ட்?" என்று கேட்டார்.

யூடோக்சியாவின் கை உயர்ந்தது.

"இது எங்களுக்குள்ள பேச்சும்மா, அவனுக்கு எதுக்கு?" என்று சிடுசிடுத்தார் சார்ஜென்ட்.

"ஜெயிலுக்குப் போகப்போறது அவன்தானே சார்? அவன் காதுல விழ வேண்டாமா?"

ஜட்ஜ் சிரித்துவிட்டார். நல்ல மனுஷன். "கை செஞ்சப்போ மனசுலயும் கெட்ட எண்ணம் இருந்துச்சான்னு கேக்கறேம்மா."

அவள் கூண்டுப் பக்கம் திரும்பினாள். "தம்பி, படகை எடுத்தப்போ உன் மனசுல என்ன இருந்துச்சுன்னு ஐயா கேக்கறார்."

"தங்கச்சிக்குப் பிரசவ வலி வந்துடுச்சுக்கா. எங்க ஊருக்கு ரோடு ஏது? கடல் வழியாத்தான் ஆஸ்பத்திரிக்குப் போகணும். இப்போலித் அண்ணன் எழுந்து காப்பி குடிக்கறதுக்குள்ள கொண்டாந்து கட்டிடலாம்னு நெனச்சேன்."

பின்னாலிருந்து இப்போலித் கத்தினான்: "அடப்பாவி, எங்கிட்ட சொல்றதுக்கென்னடா!"

"எடுத்தியான்னுதானே கேட்டீங்க. ஏன்னு கேக்கலையேண்ணே."

யூடோக்சியா எல்லாவற்றையும் இங்கிலீஷில் சொன்னதும், திருடும் எண்ணம் இல்லை என்று ஜட்ஜ் வழக்கைத் தள்ளுபடி செய்தார். வெளியே வந்தும் ஆன்செல்முக்குக் குழப்பம் தீரவில்லை. "அப்போ நான் எடுக்கலேன்னு எழுதிட்டாங்களாக்கா?"

"எடுத்தேடா. திருடல. வீட்டுக்குப் போ."

அவன் போனதும் யூடோக்சியா படியில் உட்கார்ந்துவிட்டாள். அவன் ஒத்துக்கொண்டதாக ஜட்ஜிடம் சொன்னது அவள் குரல்தான். வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால், அந்தக் குரலை நம்பியே அவனை உள்ளே தள்ளியிருப்பார்கள்.