யார் சேர்த்துவிட்டது?

எங்கள் கம்பெனியில் தப்பு செய்தவரை யாரும் திட்ட மாட்டார்கள். அவரைச் சேர்த்துவிட்டவரைத்தான் திட்டுவார்கள். ஸ்ரீபெரும்புதூர் தாண்டி, பெங்களூர் ரோட்டை ஒட்டி, ஷூவுக்கு மேல்பாகம் ஒட்டித் தைக்கிற கம்பெனி அது. 1991இல் நான் அங்கே வேலைக்குப் போனேன். எங்களில் முக்கால்வாசிப் பேர் யாராவது ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வந்தவர்கள். சித்தி, மாமா, எதிர்வீட்டு அக்கா என்று ஒவ்வொருத்திக்கும் ஒரு ஆள் பொறுப்பு. என்னைச் சேர்த்துவிட்டவர் என் அண்ணி, அண்ணனின் மனைவி.

ஒரு பெண் லேட்டாக வந்தால் சூப்பர்வைசர் அவளிடம் ஒன்றும் சொல்ல மாட்டார். நேரே ஸ்டோரில் இருக்கும் அவள் சித்தப்பாவிடம் போவார். "இன்னாய்யா, இப்படித்தான் ஆள் கூட்டினு வருவியா?" என்பார், நாலு பேர் காதில் விழுகிற மாதிரி. சித்தப்பாவுக்கு முகம் சுண்டிப்போகும். அன்றைக்குச் சாயங்காலம் அவள் வீட்டில் என்ன நடக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. எங்களை அடக்கிவைக்க முதலாளி தனியாக ஆள் போடவில்லை. எங்கள் சொந்தக்காரர்களே போதும்.

அண்ணியும் நானும் பேஸ்டிங் பிரிவில் இருந்தோம். தோலில் சொல்யூஷன் தடவி ஒட்டுகிற வேலை. சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டும்போது ஒரு வாடை வருமே, அதே வாடை எங்களுக்கு நாள் முழுக்க. சுவரில் பெரிய எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்று இருந்தது. அது ஓடினால் பிழைத்தோம். நான் சேர்ந்த கொஞ்ச நாளிலேயே அது நின்றுவிட்டது. இன்றைக்குச் சரிசெய்வார்கள், நாளைக்குச் சரிசெய்வார்கள் என்று பார்த்தோம். ஒருவரும் அதன் பக்கம் திரும்பவில்லை.

அண்ணியின் இடம் அந்த ஃபேனுக்கு நேர் கீழே, மூலையில். முதலில் கண் எரிகிறது என்றார். அப்புறம் இருமல். ஆடிக் காற்றுத் தூசியாக இருக்கும் என்று அண்ணன் சிரப் வாங்கிவந்தார். ஆடி முடிந்தும் இருமல் முடியவில்லை. மாவாட்டும்போது நடுவில் நிறுத்தி, சுவரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்குவார். எனக்குப் பார்க்கவே பயமாக இருக்கும்.

குன்றத்தூரிலிருந்து கம்பெனி வேன். தினமும் இரண்டு பேரும் ஒரே சீட்டில்தான் உட்காருவோம். வேன் குலுங்கும்போதெல்லாம் அவர் தோள் என் தோளில் இடிக்கும். நான் மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே வருவேன். 'சார், அந்த ஃபேனக் கொஞ்சம் பாருங்க சார், அண்ணிக்கு முடியல.' கேட்டுக்குள் நுழைந்ததும் தைரியம் எல்லாம் வடிந்துவிடும். நான் கேட்டால் அந்த சூப்பர்வைசர் மனுஷன் என்னிடமா வருவார்? அண்ணியிடம் போய், "வந்து நாலு நாள் ஆவல, உன் நாத்தனாருக்கு காத்து கேக்குதா?" என்பார். அண்ணியை பெர்மனென்ட் செய்யப்போவதாக அப்போது பேச்சு இருந்தது. அதில் நான் மண்ணள்ளிப் போடலாமா? பேசாமல் பிரஷ்ஷை எடுத்துக்கொள்வேன். அண்ணியும் வாய் திறக்கவில்லை. அவரே பொறுத்துப்போகும்போது நேற்று வந்த எனக்கென்ன துள்ளல் என்று இருந்துவிட்டேன்.

தீபாவளி கழிந்து, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து ஒருத்தி வேலைக்கு வந்தாள். இருங்காட்டுக்கோட்டையில் வாடகை ரூமில் புருஷனோடு இருந்தாள். வந்த வாரமே, சூப்பர்வைசர் எங்கள் மேஜைப் பக்கம் வந்தபோது, "சார், இந்த ஃபேன் ஓடாதா? மூச்சு முட்டுதுல்லா" என்றாள். எல்லோர் கையிலும் பிரஷ் அப்படியே நின்றது. அவர் வழக்கம்போல் அவளை விட்டுவிட்டு எங்களைப் பார்த்தார்.

"யாரு இவள சேத்து வுட்டது?"

அவளே சொன்னாள். "என்னைய யாரும் சேத்து விடலை சார். ஆள் வேணும்னு வாசல் கேட்டுல எழுதிப் போட்டிருந்தியல்லா, பாத்துட்டு நானே வந்தேன்."

அப்போது அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! திட்டுவதற்கு ஆள் கிடைக்காமல் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார். நேருக்கு நேர் திட்டிப் பழக்கமில்லை போல. வந்த வழியே திரும்பிப் போய்விட்டார். மறுநாள் எலக்ட்ரீஷியன் ஏணியோடு வந்தான். கண்டன்சர் போயிருந்ததாம். நாங்கள் டீ குடித்துவிட்டு வருவதற்குள் மாற்றிவிட்டான். இவ்வளவுதான் வேலை.

வாடை குறைந்ததும் எல்லோரும் அவளைச் சூழ்ந்துகொண்டு சிரித்தார்கள். நான் திரும்பிப் பார்த்தேன். மூலையில் அண்ணியின் இடம் காலியாக இருந்தது. நெஞ்சு கெட்டுப்போயிருக்கிறது, இனி சொல்யூஷன் பக்கமே போகக் கூடாது என்று டாக்டர் சொல்லி, தீபாவளிக்கு முன்பே அவர் நின்றுவிட்டிருந்தார். பெர்மனென்ட் பேச்சும் அதோடு போயிற்று.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தபோது அண்ணி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். "திட்ட ஆளே கெடைக்கலியா அவனுக்கு?" என்று சிரித்தார். சிரிப்பு பாதியில் இருமலானது. அது அடங்குகிற வரைக்கும் என்னால் பொறுக்க முடியவில்லை.

"நான் கேட்டிருக்கணும் அண்ணி. நான் கேட்டா உங்களத்தான் அசிங்கப்படுத்துவான்னு சும்மா இருந்துட்டேன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "எனுக்கோசரமா?" என்றார். "நான் வாயத் தொறந்தா உன்ன வூட்டுக்கு அனுப்பிடுவான்னுதான்டி நான் கம்முனு இருந்தேன்."

கம்பெனியில் பேசாததைக்கூட நான் மன்னித்துவிடுவேன். தினமும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு போன இரண்டு பேர், வேனிலாவது ஒருவருக்கொருவர் இதைச் சொல்லியிருக்கலாமே! சொல்லியிருந்தால் சேர்ந்துபோய் நின்றிருப்போம். அண்ணி இன்றைக்கும் நாலு படி ஏறினால் உட்கார்ந்துவிடுகிறார். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஆறுவதே இல்லை.

அன்றைக்கு நான் அழ ஆரம்பித்ததும், என்னைத் தேற்றத்தான் அண்ணி இன்னொன்றையும் சொன்னார். கொஞ்சம் பெருமையாகவே சொன்னார்.

"உன் அண்ணி ஒண்ணும் பயந்தாங்கொள்ளி இல்லடி. நீ வர்றதுக்கு முன்னாடியும் இதே ஃபேன் ஒருவாட்டி நின்னுச்சு. யாரு போய்க் கேட்டதுன்ற? நாந்தான். நேரா மேனேஜர் ரூமுக்கே போய்ட்டேன், அன்னிக்கே ஓட வச்சிட்டானுங்க. என்ன சேத்து வுட்ட அக்காவும் அப்போ வேலைய வுட்டுப் போயிருந்தா. நீயும் இல்ல. எனுக்கு இன்னா பயம்?"