கண்ணாடிக்கு முன்னால் கத்தினேன்

என் கையெழுத்து கோழி கிளறினது போல இருக்கும், எழுத்துப்பிழையும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். தொடக்கப்பள்ளியோடு நின்றவன் நான். சிங்கப்பூரில், தேக்கா சந்தையில் காய்கறி விற்கிறேன். கூவி விற்கக்கூட வெட்கம்.

தம்பி சிறையில் இருக்கிறான். சோதனை போட்ட அதிகாரி அவன் காது மெஷினை உடைத்துவிட்டார். வேறு தரவில்லை. பிறகு, கூப்பிட்டும் வரவில்லை, கீழ்ப்படியவில்லை என்று தனியறையில் போட்டார்கள். அவனோ அதிகாரிகள்மேல் வழக்குப் போட்டுவிட்டான். எனக்கு ஒரே எரிச்சல். மிச்ச நாளை வாயை மூடிக்கொண்டு கழித்துவிட்டு வரக் கூடாதா?

அதைச் சொல்லத்தான் போனேன். நடுவில் கண்ணாடி, ஆளுக்கொரு தொலைபேசி.

"கேஸை வாபஸ் வாங்குடா."

"என்னண்ணே? கேட்கலை."

நாலைந்து தடவை சொல்லிப் பார்த்தேன். கடைசியில் கத்தினேன். எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். காவலர் வந்தார்.

"அங்கிள், மெதுவா பேசுங்க லா."

"மெதுவா பேசினா அவனுக்கு எப்படி சார் கேட்கும்? மெஷினை உடைச்சிட்டீங்களே."

சொன்ன பிறகுதான் நான் யார் பக்கம் பேசினேன் என்று எனக்கே உறைத்தது.

தம்பி உள்ளேயிருந்து, "இப்ப என்னண்ணே சொன்னீங்க?" என்றான்.

"மெஷின் இல்லாம உனக்குக் கேட்காதுன்னு சாட்சி சொல்ல வர்றேன்டா" என்று மறுபடி கத்தினேன்.

அவன் சிரித்தான். இவனால் எனக்கு எப்போதும் தொல்லைதான்.

நாளைக்கு நீதிமன்றத்தில் பேச வேண்டும். காய்கறியைக் கூவி விற்கவே வெட்கப்படுகிறவன் நான். ஆனாலும் சத்தமாகத்தான் பேச வேண்டும். தம்பியும் அங்கே இருப்பான்.

எழுதியது: விசாரணைக்கு முந்தின நாள், ஞாயிற்றுக்கிழமை.