கலர் குடித்த கல்லீரல்

அம்மாவும் அப்பாவும் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட, கொல்லிமலை வீட்டில் தனியாக இருந்து பிளஸ் ஒன் படித்தேன். செல்போன் இன்னும் மலையேறாத காலம். பேச்சுத்துணைக்குச் செம்மேடு பேக்கரி பெஞ்சுதான். சும்மா உட்காரக் கூச்சப்பட்டு, பப்ஸ், கிரீம் பன், கலர் சோடா என்று வாங்கிக்கொண்டே இருப்பேன். பேச்சு நீள நீள நான் அகலமானேன்.

வயிற்று வலிக்கு நாமக்கல்லில் ஸ்கேன் எடுத்தார்கள். "கல்லீரல்ல கொழுப்பு படிஞ்சிருக்கு. குடிப்பியா?" என்றார் டாக்டர்.

"குடிப்பேங்க. கலர் மட்டுந்தாங்க."

"அதையும் பேக்கரித் தீனியையும் நிறுத்து" என்றார், சிரிக்காமல்.

ஊர் திரும்பி, பேக்கரிக்கு எதிரிலேயே நின்றேன். கடைக்கார அண்ணன் கூப்பிட்டார். விஷயத்தைச் சொல்லி, "இனி எதுவும் வாங்க முடியாதுங்ணா" என்றேன்.

"அதுக்கென்ன, நீ வந்து உக்காரு சாமி."

வெறுங்கையோடு இருட்டும்வரை பேசிக்கொண்டிருந்தேன். அத்தனை நாளும் எனக்குப் பசிக்கவே இல்லை என்பது அன்றுதான் புரிந்தது.