செயின் கழன்ற இடம்

அவள் கணவர் தன் சைக்கிளைத் தூங்க வைக்கும் அழகே தனி. படுக்கையறைச் சுவரில், கட்டிலின் தலைமாட்டுக்கு நேர் மேலே, இரண்டு ரப்பர் கொக்கிகளில் அது தொங்கும். படுக்குமுன் மிருதுவான மஞ்சள் துணியால் ஒரு துடைப்பு. பிறகு சக்கரத்தை மெல்லச் சுழற்றிவிட்டு, அது நிற்கும்வரை காது கொடுத்துக் கேட்பார். பதினான்கு வருட இல்லறத்தில், பக்கத்தில் படுத்திருப்பவளின் மூச்சை அந்தக் காது ஒரு தரமாவது கேட்டிருக்குமா? கேட்டிருந்தால் இந்தக் கதை ஏன் வருகிறது!

அவளுடைய சைக்கிள் மதில் ஓரமாக மழையில் நின்றது.

அவள் ஒரு பெரிய மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் வேலை செய்தாள். நீராவி உருளையில் படுக்கை விரிப்புகளுக்கு இஸ்திரி போடும் வேலை. ஒரு முனையை இவள் பிடிக்க வேண்டும், மறு முனையை இன்னொருத்தி பிடிக்க வேண்டும். இரண்டு பேரும் ஒரே இழுப்பில் உருளைக்குள் ஊட்ட வேண்டும். ஒருத்தி வராவிட்டால் மற்றவள் கையைக் கட்டிக்கொண்டு மேற்பார்வையாளரிடம் வசவு வாங்க வேண்டியதுதான். அதனால் மறுமுனைக்காரியை அவள் ஒருநாளும் காக்க வைத்ததில்லை. அதிகாலையில் கிளம்பி, ஒன்பது கிலோமீட்டர் மிதித்து, வளைவு திரும்பி, தண்ணீர்த் தொட்டி மேட்டில் ஏறி, இறங்கி, பின்கேட்டின் சரளைப் பாதையில் தடதடவென்று போய்ச் சேர்ந்துவிடுவாள்.

கணவர் மின் அலுவலகத்தில் எழுத்தர். அது வயிற்றுக்கு. உயிருக்கு, சைக்கிள் சங்கம். அங்கே அவருக்குப் பெயர் 'கிராம்'. பாட்டில் மாட்டும் கூண்டின் திருகாணிகளை மாற்றிப் பதினொரு கிராம் எடையைக் குறைத்ததற்காகச் சங்கமே கைதட்டி வைத்த பெயர். அதற்காக அவளுடைய சமையலறைத் தராசைத்தான் தூக்கிக்கொண்டு போனார். அது திரும்பி வரவே இல்லை. அதே தராசில் தன் தொப்பையையும் ஒருநாள் வைத்துப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

உட்காரும் இடத்தில் மெத்தை வைத்துத் தைத்த கால்சட்டை ஒன்று அவரிடம் இருந்தது. "இதை வெந்நீர்ல போடாத, முறுக்கிப் பிழியாத, வெயில்ல காயப்போடாத" என்று அவளுக்கு வகுப்பெடுப்பார். நாளுக்கு ஆயிரம் விரிப்பு பார்க்கிறவளுக்கு!

"நானும் தினம் பதினெட்டு கிலோமீட்டர் மிதிக்கிறேன்ங்க" என்று அவள் ஒரு முறை சொல்லிப் பார்த்தாள்.

"நீ சைக்கிள்ல போற. நான் ரைட் பண்றேன். போறது வேற, ரைட் வேற."

பள்ளிக்கூடப் பையில் புத்தகம் அடுக்கிக்கொண்டிருந்த மகள் தலையைத் தூக்கினாள். "ரைட் ரைட்னு கண்டக்டர்தானேப்பா கத்துவாரு? அவரும் எதையும் மிதிக்க மாட்டாரு."

"வாய், வாய்! சரளை ரோட்டுக்குன்னு தனியா ஒரு சைக்கிள் வாங்கப் போறேன். டயரே இவ்ளோ தடிமன். அப்பப் பாரு."

"எங்க பின்கேட்டு ரோடு பூரா சரளைதாங்க" என்றாள் அவள்.

"அது சரளை இல்ல. மோசமான ரோடு."

இப்படிப்பட்ட ஞானியிடம்தான் அந்த அப்பாவி ஒரே ஒரு வரம் கேட்டாள். மழைக்காலம் தொடங்கிவிட்டது. "என் சைக்கிளை ஹால்ல ஒரு ஓரமா வெச்சுக்கட்டுமா? செயின் துருப்பிடிக்குது."

"ஹால்ல என் பம்பு, ஹெல்மெட்டு, ஷூ எல்லாம் இருக்கு. உன்னோடது சைக்கிள் இல்லம்மா, இரும்பு. இரும்புக்கு என்ன மழை, வெயில்?"

இரும்புக்கு மழைதான் எமன் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். தன் சைக்கிளின் மேல் தூசி விழுந்தால் தும்மல் போடுகிறவருக்கு மட்டும் தெரியவில்லை.

மழை தன் வேலையைச் செய்தது. தினமும் மேட்டுக்கு முந்திய வளைவில், அவள் அழுத்தி மிதிக்கும்போது, செயின் கழன்று விழும். சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து மாட்டுவதற்கு ஒரு நிமிஷம். கையில் ஒட்டிய கறுப்பைச் சோப்புத் துண்டும் பாட்டில் தண்ணீருமாகத் தேய்த்துக் கழுவ மூன்று நிமிஷம். வெள்ளை விரிப்பில் ஒரு கறுப்பு விரல் பட்டால் அந்த விரிப்பு மறுபடி முதலிலிருந்து வெளுக்கப்பட வேண்டும். நாலு நிமிஷம் போனதும், போன நேரத்தைப் பிடிக்க அந்த மேட்டில் பேய் பிடித்தவள்போல் மிதிப்பாள்.

அவர் சங்கத்திலும் ஒரு 'செயின்' இருந்தது. முந்நூற்று அறுபத்தைந்து நாள், ஒருநாள் விடாமல் ரோட்டில் ஓட்ட வேண்டும். உள்ளங்கைக்குள் அடங்கும் மீட்டர் கருவி ஒன்று, ஓட்டத்தைப் பதிவு செய்து போனுக்கு அனுப்பும். வீட்டுக்குள் மிதித்தது செல்லாது. ஒருநாள் விட்டால் செயின் அறுந்தது. முடித்தவருக்குக் கேப்டன் பட்டம். கிராம் முந்நூற்று நாற்பத்தொன்று முடித்திருந்தார்.

அன்று அலுவலக வாசல் சிக்னலில் சிகப்பு விழுந்தது. நின்றார். அவர் ஷூ பெடலோடு பூட்டிக்கொள்ளும் வகை. நிற்குமுன் குதிகாலைத் திருப்பிப் பூட்டைக் கழற்ற வேண்டும். மறந்துவிட்டார். யாரும் இடிக்கவில்லை, எதுவும் தட்டவில்லை. நின்ற இடத்திலேயே, கால் உடைந்த அலமாரி மாதிரி, மெதுவாகச் சாய்ந்து விழுந்தார். இடது மணிக்கட்டில் விரிசல்.

கட்டுப் போடும்போது அவர் அழுத அழுகை! "என் செயின் அறுந்துடுமே! என் செயின்!"

நர்ஸ் பதறிப்போய்க் கேட்டாள். "எத்தனை பவுன் சார்?"

அவர் விழுந்ததைச் சங்கத்தில் யாருக்கும் சொல்லவில்லை. நின்ற நிலையில் விழுந்தவர் கேப்டனாவது எப்படி?

மறுநாள் காலை ஓர் அதிசயம் நடந்தது. அவள் கிளம்ப வெளியே வந்தபோது, கட்டுப் போட்ட கையோடு அவர் மதில் ஓரம் நின்று, அவளுடைய சைக்கிள் சீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த மஞ்சள் துணியால்!

"ஈரமா இருந்துச்சு. ஒக்காந்தா சேலை நனையும்ல" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

கட்டில் பக்கம் திரும்பாத பார்வை, சாப்பிட்டாயா என்று கேட்காத வாய், பதினான்கு வருடம் வறண்டு கிடந்த அந்த வீட்டில் ஒரு சொட்டு ஈரம்! கண்ணைத் துடைத்துக்கொண்டே மிதித்தாள். அடுத்த நாளும் துடைத்தார். அதற்கடுத்த நாளும். சாயங்காலம் அவள் திரும்பியதும் ஓடிவந்து சைக்கிளை வாங்கி மதில் ஓரம் நிறுத்தினார்.

"கை உடைஞ்சா மனசு ஒட்டும்போல" என்று சிரித்தாள் உருளையின் மறுமுனையில் நின்ற அக்கா. "ஆனா சீட்டைத் தொடைக்கிற மனுஷன் சைக்கிளை உள்ள வெச்சா என்ன? தொடைக்கிற வேலையே இல்லியேடி."

"எல்லாம் மெல்ல மெல்லத்தான்கா. வைப்பாரு."

"வைப்பாரு, வைப்பாரு. இழு, மடிப்பு விழுது."

அவள் நம்பினாள். அவளுக்கு வேறு என்ன இருந்தது நம்ப?

அந்த நாட்களில்தான் வளைவில் ஒரு கூத்து தொடங்கியது. ஒரு சனிக்கிழமை அவள் செயின் கழன்று நின்றபோது, பளபளவென்று இறுக்கிப் பிடித்த உடையில் மூன்று பேர் வந்து இறங்கினார்கள். சைக்கிளைப் பிடித்தபடி கண்ணை மூடி, மூக்கால் இழுத்து வாயால் விட்டார்கள். நடுவில் நின்றவர் ஒரு கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார்.

"அம்மா, கொஞ்சம் தள்ளிப் போய் மாட்டிக்கோங்க. சத்தமா இருக்கு."

தள்ளிப் போனாள். உதவிக்கு ஒரு கை நீளவில்லை. கையுறையில் கறை படுமே!

முந்நூற்று அறுபத்து நாலாவது நாள், ஞாயிற்றுக்கிழமை மாலை, அதே மூன்று பேர் அவள் வீட்டு ஹாலில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர்தான் சங்கத்தின் தலைவர், ஊரில் பல் டாக்டர். கையில் ஒரு பரிசுக் கோப்பை. கிராம் எதிரே, வீட்டுக்குள் மழைக்கோட்டு மாட்டிக்கொண்டு, இடது கையை மேசைக்கடியில் மறைத்து உட்கார்ந்திருந்தார்.

"அப்பாவுக்கு ஹால்ல மழை பெய்யுதாம்மா?" என்று மகள் சமையலறையில் கிசுகிசுத்தாள்.

"ச்சீ, சும்மா இரு." அவள் டீ வடிகட்டிக்கொண்டிருந்தாள். அவருக்குப் பாராட்டு என்றதும் அவளுக்கும் உள்ளூரப் பெருமைதான். ஆனால் இந்தக் கையோடு எப்போது ஓட்டினார்?

"கிராம்! அந்த மேட்டுல இதுவரைக்கும் இருந்த அத்தனை பேர் நேரத்தையும் ஒடைச்சிட்டீங்க!" என்றார் தலைவர். "என் ரெக்கார்டு உட்பட. நாளைக்குக் கடைசி நாள். நாங்க எல்லாரும் உங்ககூட வர்றோம்."

"நாளைக்கா? லேசா காய்ச்சல் மாதிரி இருக்கு தலைவரே..."

"அடக்கத்தைப் பாருங்கய்யா! ஆனா அந்த ரகசியத்தைக் கண்டுபிடிச்சிட்டோம். மேட்டுக்கு முன்னாடி, அந்த வளைவுல, தினம் நாலு நிமிஷம் நிக்கிறீங்க. கரெக்டா நாலு!"

கிராமின் முகம் வெளுத்தது. அவள் சலவைக்கூடத்தில் வேலை செய்த நேரத்தையும் திரும்பி வந்த வழியையும் ஒவ்வொரு மாலையும் பதிவிலிருந்து வெட்டியெறிந்த மேதாவி அவர். இந்த நாலு நிமிஷம் கண்ணில் படவில்லை.

"அது... மூச்சு தலைவரே. மூச்சுப் பயிற்சி."

"சொன்னேன்ல! மூச்சுன்னு நான் சொன்னேன்ல!" தலைவர் தொடையில் தட்டிக்கொண்டார். "நாங்களும் ரெண்டு வாரமா அங்க நின்னு மூச்சு விடறோம். ஒரே ஒரு சந்தேகம். போன சனிக்கிழமை உங்க மீட்டர் அங்க நின்ன அதே நேரம் நானும் நின்னேன். உங்களைக் காணலையே? யாரோ ஒரு அம்மா மட்டும்..."

டீத்தட்டோடு அவள் சமையலறை வாசற்படியில் நின்றாள். தலைவர் அவளைப் பார்த்தார். அவள் தலைவரைப் பார்த்தாள்.

"அங்க எனக்குச் செயின் கழண்டுக்கும்" என்றாள் அவள். "மாட்டிக் கையைக் கழுவ நாலு நிமிஷம் ஆகும். சத்தமா இருக்குன்னு நீங்கதான் தள்ளிப் போகச் சொன்னீங்க."

ஹாலில் ஒரு மூச்சும் இல்லை. அத்தனை பயிற்சியும் வீண்.

மகள்தான் எழுந்து வெளியே போனாள். அப்பா காலையில் சீட்டுக்கடியில் எதையோ செருகுவதை அவள் பார்த்திருந்தாள். மதில் ஓரம் நின்ற சைக்கிளின் சீட்டு உறைக்குள் கையை விட்டு, உள்ளங்கை அளவுக் கறுப்பு மீட்டரை எடுத்துவந்து மேசையில், கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தாள். அம்மாவுக்கு ஞாயிறும் வேலை, அன்று தாமதமாகத் திரும்பியதால் அவருக்கு இன்னும் எடுக்க வாய்க்கவில்லை.

அவளுக்கு அந்த நிமிஷத்தில் மீட்டர் தெரியவில்லை, கோப்பை தெரியவில்லை. மஞ்சள் துணி மட்டுமே தெரிந்தது. இருபத்து மூன்று காலைகள்! இருபத்து மூன்று காலைகளிலும் கண்ணீரோடு மிதித்தாளே!

"சீட்டைத் தொடைச்சது எனக்காக இல்லையா?"

அவர் மழைக்கோட்டின் ஜிப்பை ஏற்றினார், இறக்கினார். "நாளைக்கு ஒரே ஒரு நாள்தான் பாக்கி. இவங்க போனப்புறம் பேசிக்கலாமே... நீ நாளைக்கு லீவு கீவு போட்டுடாத, என்ன?"

அவள் அழவில்லை. இந்த ஆளுக்காக அழுத கண்ணீரே அதிகம். தட்டைக் கீழே வைத்தாள். படுக்கையறைக்குள் போய், ரப்பர் கொக்கிகளிலிருந்து அவருடைய சைக்கிளை இறக்கினாள். ஒரு விரலில் தூக்கலாம் என்று அவர் பெருமையடித்தது உண்மைதான். அவளுக்கு ஒரு கையே போதுமாயிருந்தது. நாலு ஆண்கள் பார்த்திருக்க அதை வெளியே கொண்டுபோய் மதில் ஓரம் சாத்தினாள். தன் இரும்பை உருட்டிக்கொண்டு வந்து ஹாலின் நடுவில், தலைவரின் முழங்காலில் இடிக்காத குறையாக, நிறுத்தினாள்.

"ஐயோ, மழை வருது! அது நனையக் கூடாது!" என்று கிராம் கட்டுப் போட்ட கையை மறந்து எழுந்தார். கட்டு எல்லோருக்கும் தெரிந்தது.

"தொடைச்சு விடுங்க. அதான் பழகியிருக்கீங்களே" என்றாள்.

"கை என்னாச்சு கிராம்?" என்றார் தலைவர்.

"சிக்னல்ல நின்னுக்கிட்டே விழுந்துட்டாரு" என்றாள் மகள்.

தலைவர் கோப்பையைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்தார். போகிற போக்கில் அவள் பக்கம் திரும்பி, "சிஸ்டர், நீங்க எங்க சங்கத்துல சேரலாமே. பெண்கள் பிரிவு ஒண்ணு ஆரம்பிக்கிற யோசனை..." என்று இழுத்தார்.

"நான் ரைட் பண்றதில்ல சார். வேலைக்குப் போறேன்."

மறுநாள் அவர் செயின் அறுந்தது. அவள் அந்த வாரமே புதுச் செயின் போட்டுக்கொண்டாள். ஹாலில் நின்று எண்ணெய் குடித்த சைக்கிள் சத்தமே இல்லாமல் ஓடியது. வளைவில் நிற்க வேண்டியிருக்கவில்லை. மறுமுனை அக்காவுக்கு நாலு நிமிஷம் முன்னதாகவே போய் நின்றாள்.

ஒரு விடியலில் அந்த வளைவில் இறுக்கமான உடையில் இரண்டு பேரைப் பார்த்தாள். புதிதாகச் சங்கத்தில் சேர்ந்தவர்கள்போல. நடந்ததை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்ல எந்த வாய்க்குத் துணிவிருக்கும்? சைக்கிளைப் பிடித்தபடி, கண்ணை மூடி, மூக்கால் இழுத்து வாயால் விட்டுக்கொண்டிருந்தார்கள்.

மணியைப் பலமாக ஒரு அடி அடித்துவிட்டு, அவள் மேட்டில் ஏறினாள்.