ஒரே நிறத்தில் இரண்டு ராஜ்யங்கள்

ஹேமாவும் குமரேசனும் எனக்குத் தெரியாமல் கல்யாணம் பேசி முடித்துவிட்டார்கள் என்று நம்பினேன். ஆதாரம்? ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டில் இருவருடைய ராஜ்யமும் ஒரே நிறத்தில் இருந்தது!

சிரியுங்கள். சிரித்து முடித்ததும் சொல்லுங்கள்... அந்த நம்பிக்கையில் மொட்டைக் கடிதம் எழுதியவனை என்ன செய்யலாம்?

தொண்ணூறுகளின் தொடக்கம். மேற்குத் தாம்பரத்தில், மாடியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர். மூவரும் அங்கே படித்தோம். ஞாயிறு வகுப்பு முடிந்ததும் ஒரே மெஷினில் முறைவைத்து அரசாண்டோம். கோட்டை, குதிரைப்படை, முற்றுகை. கறுப்பு வெள்ளைத் திரை. ஹேமாவின் நாட்டில் கோடுகள், குமரேசனின் நாட்டில் புள்ளிகள், என் நாடு வெறும் வெள்ளை. அப்போதே எனக்கு வயிறு எரியும். புள்ளியும் கோடும் சேர்ந்தால் கோலமாயிற்றே! வெள்ளைக்கு அங்கே என்ன வேலை?

ஹேமாவிடம் ஜோக் மட்டும் சொல்வேன். சொல்ல வேண்டியதைச் சொன்னதில்லை.

ஒரு ஞாயிறு கலர் மானிட்டர் வந்தது. பார்த்து அன்றைக்குத்தான் ரயில் தாமதம். நான் படியேறி வருவதற்குள் ஆட்டம் பாதி ஓடிவிட்டது. எனக்கென்று நீல நாட்டை ஒதுக்கி வைத்திருந்தார்கள். மீதி வரைபடம் முழுக்க ஒரே சாணி நிறம்! அந்த விளையாட்டில் அரசனும் அரசியும் மணந்துகொண்டால் இரு நாடுகளும் ஒரே நிறமாகிவிடும்...

"இன்னாடா மச்சான், ரெண்டு பேரும் ஒண்ணாயிட்டீங்களா?" என் குரல் எனக்கே கீச்சென்று கேட்டது.

"ஆமாடா, பத்திரிகை வெப்போம், மொய்யோட வந்துடு!" என்றான் குமரேசன்.

ஹேமா சிரித்தாள். "லேட்டா வந்துட்டு கேள்வி வேற! உங்க கோட்டை வாசல்ல யாரு நிக்கறாங்கன்னு ஒழுங்கா பாருங்க."

பார்த்தேன். சாணி நிறப் படை. இருவரும் கைகோத்து என்னை ஒழிக்க வந்திருக்கிறார்கள்!

ஊரையே கிண்டல் செய்கிறவனுக்குத் தன்னைச் செய்த கிண்டல் மட்டும் புரியவில்லை.

மறுநாள் ஹேமாவின் அப்பாவுக்கு எழுதினேன், இடது கையால். 'உங்கள் மகள் படிக்கப் போகவில்லை. குமரேசன் என்பவனோடு...' அதற்குமேல் புள்ளி வைத்து விட்டேன். மீதியை அப்பாக்கள் நன்றாகவே நிரப்பிக்கொள்வார்கள். தாம்பரம் முத்திரை காட்டிக்கொடுக்குமே என்று பெருங்களத்தூர் வரை போனேன். தபால் பெட்டிக்குள் கையை விடும்போதுதான் பார்த்தேன்: பழக்கதோஷத்தில், கவரின் மூலையில் அனுப்புநர் என்று என் பெயர், முழு முகவரியோடு! சட்டை நனைய, எதிர்க் கடைக்கு ஓடி வேறு கவர் வாங்கினேன்.

அந்த ஐந்து நிமிடத்தில் புத்தி வந்திருக்கலாம்... வரவில்லை. போட்டேன்.

அடுத்த ஞாயிறு ஹேமா வரவில்லை. அவள் அப்பா வந்தார். எல்லோர் முன்னாலும் குமரேசனை அறைந்தார். தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கும்போது அவள் படிப்பு நின்றது.

"எந்த நாயிடா எழுதிச்சு?" என்று குமரேசன் அழுதான். நானும் சேர்ந்து அந்த நாயைத் திட்டினேன். அவனைவிட நன்றாகவே திட்டினேன்!

இரண்டு வருடம் கழித்து, ரயில்வே வேலைக்கு மருத்துவப் பரிசோதனை. வண்ணப் புள்ளிகள் நிறைந்த அட்டையைக் காட்டி, "என்ன நம்பர் தெரியுது?" என்றார் டாக்டர்.

"நம்பரா... எங்க சார்?"

ஜோக் அடிக்கிறேன் என்று முறைத்தார். இன்னும் நாலைந்து அட்டைகளைக் காட்டினார். பிறகு மெல்லச் சொன்னார்: "சிவப்பும் பச்சையும் உனக்கு ஒண்ணாத் தெரியுது, தம்பி. இந்த வேலைக்கு எடுக்க மாட்டாங்க."

வேலை போன துக்கம் வரவில்லை. சாணி நிறம்தான் ஞாபகத்துக்கு வந்தது... அந்த வரைபடத்தைப் பற்றி, ஏதோ பேச்சுவாக்கில் கேட்பதுபோல் குமரேசனிடம் கேட்டேன். சொன்னான். கடிதத்தைப் பற்றி நான் சொல்லவில்லை. இன்றுவரை சொல்லவில்லை. உங்களிடம் கொட்டிவிட்டால் கனம் குறையும் என்று நினைத்தேன்... குறையவில்லை!

அன்று குமரேசன் பச்சை. ஹேமா சிவப்பு. அவன் படை என் கோட்டையைப் பிடிக்க வந்தது. நான் வந்து சேரும்வரை அதை உள்ளே விடாமல் வாசலில் நின்றது அவள் படை.