பிடுங்கிப் பார்த்த ரோஜாக்கள்

என் அக்கா வீட்டுக்காரர் லிஃப்ட் இன்ஸ்பெக்டர். முப்பத்தோரு வருடம் கம்பியைத் தட்டிப் பார்த்து, பிரேக்கைச் சோதித்துப் பார்த்து, அப்புறம்தான் கையெழுத்துப் போடுவார். வீட்டுக் கதவைப் பூட்டினால்கூட மூன்று தடவை இழுத்துப் பார்க்காமல் படியிறங்க மாட்டார். அவரோடு வெளியே கிளம்புவதற்குள் எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறிவிடும்.

அக்கா வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்ட வாரம்தான், அவள் தபாலில் சொல்லிவைத்திருந்த மூன்று ரோஜாச் செடிகளும் வந்து சேர்ந்தன. தொட்டி கிடையாது, மண் கிடையாது, ஒரு இலைகூடக் கிடையாது. வெறும் வேரோடு மூன்று முள் குச்சிகள். ஆபரேஷன் முடிந்து, நடைப்பயிற்சி தரும் விடுதியில் படுத்திருந்தவள், "அது துளிர்க்கறதுக்குள்ள நான் நடந்து வீட்டுக்கு வந்துடுவேன், பாத்துக்கங்க" என்றாள். அத்தான் அந்தப் பேச்சைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

நட்டதில் ஒரு குறை சொல்ல முடியாது. வேர்களை வாளித் தண்ணீரில் ஊறவைத்தார். குழிக்குள் மண்ணைக் குவித்து, அதன்மேல் வேர்களைச் சுற்றிலும் பரப்பி, மூடி அழுத்தி, நீர் விட்டார். ஆனாலும் ஒரு மாதமாகத் துளிர் இல்லை. சனிக்கிழமை காலையில் எட்டிப் பார்க்கப் போனேன். மனிதர் ஒரு செடியைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார்.

"என்ன அத்தான் பண்றீங்க?"

"வேர் பிடிச்சிருக்கான்னு பாக்கறேன்மா. வாராவாரம் பாக்கறதுதான்."

"வாராவாரமா? உங்களுக்கு மூளைகீளை இருக்கா? புது வேர் தலைமுடி மாதிரி இருக்கும். இழுக்க இழுக்க அறுந்துதானே போகும்."

நகத்தால் பட்டையைக் கீறினேன். உள்ளே பச்சையே இல்லை. மற்ற இரண்டும் அதே கதி. அவர் முகம் செத்துப்போயிற்று. எனக்கே பாவமாகிவிட, திட்டின வாயாலேயே யோசனையும் சொன்னேன். "துளிர் விட்ட செடியா மூணு வாங்கி வெச்சுடலாம். அக்கா என்ன கண்டா?"

"ஓடாத லிஃப்டை ஓடுதுன்னு நான் எழுதினதில்லம்மா."

அன்று சாயங்காலமே விடுதிக்குப் போனோம். அத்தான் உட்காரக்கூட இல்லை. "மூணையும் நான்தான் கொன்னுட்டேன். பிடுங்கிப் பிடுங்கிப் பாத்தேன்" என்றார்.

அக்கா போர்வை நுனியைத் திருகிக்கொண்டே இருந்தாள். அழப்போகிறாள் என்று நினைத்தேன்.

"பத்தடி நடந்தேன், இருபதடி நடந்தேன்னு உங்ககிட்ட சொன்னேனே, அத்தனையும் புளுகு" என்றாள். "பயிற்சி குடுக்கற பொண்ணு வந்தா தலைவலின்னு படுத்துக்குவேன். மறுபடி விழுந்துடுவேனோன்னு பயமா இருக்குங்க."

"சரி. நானும் ஃபெயில், நீயும் ஃபெயில்" என்று சொல்லி, அத்தான் வாக்கரை அவள் முன்னால் நகர்த்தி வைத்தார்.

அக்கா அதைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். முழங்கால் வெடவெடவென்று நடுங்கியது. ஓர் அடி எடுத்து வைத்தாள். அத்தான் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு, அவளைத் தொடாமல், ஓர் அடி பின்னால் நகர்ந்தார்.